நந்தி விலகிய நெறி: பணிக்களத்தில் சமய உணர்வு



சைவர்க்குரிய சாதனங்கள் மூன்று. திருநீறு, உருத்திராக்கம், திருவைந்தெழுத்து என்பன அவை. இவற்றுள் ஐந்தெழுத்து நெஞ்சினுள் ஒலிப்பது. பிறர் செவிக்கு எட்டாதது. உருத்திராக்கம் மார்பில் தவழ்வது. மேலாடையால் மறைப்பின் மறைவது. திருநீறு ஒன்றே நெற்றியில் நின்று, இவர் சிவனடியார் என்பதை எதிர்ப்பட்டார் யாவர்க்கும் அறிவிப்பது. ஆகவேதான் நம் சமயத்தார்க்கு வரும் பெருமையும் இடரும் பெரும்பாலும் நெற்றியை ஒட்டியே வந்திருக்கின்றன.

திருக்கோயிலின் பிராகாரத்தில் நீறணிந்த நெற்றியைப் பற்றி எவரும் வினவுவதில்லை. ஆயின் அடியார் ஒருவர் நாள்தோறும் கோயிலில் கழிப்பது இரண்டொரு நாழிகை. தொழிலிடத்தில் கழிப்பதோ ஒரு முழுப் பகல். அங்கே மேலதிகாரி வேறு சமயத்தவராக இருக்கலாம். உடன் பணி செய்வோர் பல சமயத்தவராக இருக்கலாம். எச்சமயத்தையும் ஏலாதவரும் அவருள் இருக்கலாம். அவ்விடத்தில் அடியார் தம் நெறியை எங்ஙனம் போற்றுவது? தலைமை தாங்குவோர் தமக்குக் கீழ்ப் பணிபுரிவோரின் நெறியை எங்ஙனம் மதிப்பது? இவ்விரண்டு வினாக்களையும் ஈண்டு ஆராய்வோம்.

இவ்வாராய்ச்சிக்குக் கோடம்பாக்கம் மிகவும் பொருத்தமான இடம். புலியூர்ப் பாரத்வாசேசுவரர் திருக்கோயிலும் வடபழனி ஆண்டவர் திருக்கோயிலும் அணித்தணித்தே விளங்கும் பகுதி இது. படப்பிடிப்புக் கூடங்களும், அச்சகங்களும், மருத்துவமனைகளும், கடைகளும் பல்லாயிரவர்க்குப் பிழைப்புத் தந்த பகுதியும் இதுவே. சேக்கிழார் பெருமான் தோன்றிய குன்றத்தூர் புலியூர்க் கோட்டத்தைச் சேர்ந்தது. அக்கோட்டத்திற்குப் பெயர் தந்த புலியூர் இக்கோடம்பாக்கத்துப் புலியூரே என்பர். அச்சேக்கிழாரும் சோழ மன்னனிடம் அமைச்சுப் பணி பூண்டிருந்தவர். அரசப் பணியில் இருந்துகொண்டே அடியார் வரலாற்றைப் பாடியவர்.

தொழில் செய்த தொண்டர்கள்

பெரியபுராணத்தை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். தில்லைத் திருநீலகண்டர் மண்பாண்டம் வனைந்தவர். காஞ்சித் திருக்குறிப்புத் தொண்டர் துணி வெளுத்தவர். நாகைக் கடற்கரையின் அதிபத்தர் வலை வீசியவர். நேச நாயனார் தறி நெய்தவர். நம் சென்னையை ஒட்டிய திருவொற்றியூரில் வாழ்ந்த கலிய நாயனார் எண்ணெய் வணிகர். செல்வம் வற்றிய காலத்தில் பிறருடைய செக்கில் கூலிக்கு உழைத்து, அக்கூலியால் திருவிளக்கு ஏற்றியவர். தொழிலைத் துறந்துதான் இறைவனை அடைய வேண்டும் என்று நம் சமயம் விதிக்கவில்லை. தொழிலுக்குள்ளேயே தொண்டு நிகழ்ந்தது.

குலச்சிறை நாயனாரின் நிலை இன்னும் நுட்பமானது. அவர் பாண்டி நாட்டின் அமைச்சர். அரசனோ அப்போது சமண நெறியில் நின்றவன். நாள்தோறும் ஆணையிடும் தலைவனது நெறி வேறு, தமது நெறி வேறு என்ற நிலையில், அவர் அமைச்சுக் கடமையிலும் வழுவவில்லை. அடியார் பணியிலும் வழுவவில்லை. இன்று அலுவலகங்களில் பணிபுரியும் நம்மவர் பலருடைய நிலையும் இதுவேயன்றோ?

நந்தனார் வேண்டிய விடை

மேற்கூறிய தொண்டர் பலர் தம் தொழிலுக்குத் தாமே தலைவர்கள். வழிபடும் நேரத்தைத் தாமே வகுத்துக்கொள்ள அவர்களால் இயன்றது. பிறர் ஆணைக்கு உட்பட்டவர்க்கு அது இயலாது. அவ்வாறு உட்பட்டவர்களுடைய துயரத்திற்கு நம் நாட்டில் நிலைத்த சான்றாக நிற்பவர் திருநாளைப்போவார் என்னும் நந்தனார்.

கொள்ளிடத்தை அடுத்த ஆதனூரில், தீண்டாமைக் கொடுமைக்கு ஆளாக்கப்பட்ட குலத்தில் தோன்றிய அவர், தம் குலத் தொழிலையே சிவத்தொண்டாக்கினார். கோயில் முரசங்களுக்குத் தோலும் வாரும் அளித்தார். யாழுக்கும் வீணைக்கும் நரம்பு அளித்தார். வழிபாட்டிற்குக் கோரோசனை அளித்தார். தாம் அளித்த பொருள் கருவறையின் அருகே சென்றது. அளித்தவரோ புறத்தே நின்றார். தில்லைக்கு நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று அவர் நாள் கடத்தியதற்குக் காரணம் சோம்பல் அன்று. பிறப்பைக் காட்டி உலகம் எழுப்பி வைத்த தடையே காரணம்.

சேக்கிழார் காட்டும் வரலாறு இதுவே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளை இயற்றியபோது, சேக்கிழார் நூலில் இல்லாத ஒருவரை உள்ளே கொணர்ந்தார். அவர்தாம் பண்ணைக்கு உடையவராகிய வேதியர். ஆருத்திரா தரிசனத்திற்குத் தில்லை சென்றுவர விடை தருக என்று நந்தன் அவரிடம் கெஞ்சுகின்றான். அவர் மறுக்கின்றார்; பின்னர் நாற்பது வேலி நிலத்திலும் பயிர்வேலை முடித்துவிட்டுப் போ என்கின்றார். நாற்பது வேலி என்பது இருநூற்றைம்பது ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பு. விடை தருவதுபோல் தோன்றுமாறு மறுக்கும் முறை இது. அன்றிரவே இறையருளால் அந்நிலம் முழுவதும் விளைந்து நிற்க, வேதியர் நந்தனின் திருவடியில் வீழ்கின்றார்.

கதையைக் கேட்கும்போது நம் உள்ளம் நந்தனோடு உருகுகின்றது, வேதியரை வெறுக்கின்றோம். கதை முடிந்து எழுந்து சென்ற பின்னர், நம் கடையில், நம் பட்டறையில், நம் அலுவலகத்தில், நம் வீட்டு அடுக்களையில் நம்மிடம் விடை கேட்டு நிற்பவர் ஒருவர் உளர் என்பதை எண்ணுகின்றோமா? ஆடி மாதத்தில் தம் தெரு அம்மனுக்குக் கூழ் வார்க்க ஒரு நாள் வேண்டும் என்று வீட்டுவேலை செய்யும் அம்மாள் கேட்கின்றார். வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகைக்கு ஒரு மணி நேரம் வேண்டும் என்று கடைப்பையன் கேட்கின்றான். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் தேவாலயம் சென்றபின் வருகின்றேன் என்று செவிலியர் ஒருவர் கேட்கின்றார். அப்பொழுது, அந்த வேலையெல்லாம் முடித்துவிட்டுப் போ என்று நம் நாவிலும் நாற்பது வேலி வந்துவிடுகின்றதே!

திருப்புன்கூரில் நிகழ்ந்தது வேறு. புறத்தே நின்ற நந்தனார்க்குப் பெருமானின் திருவுரு தெரியவில்லை; நடுவே நந்தி மறைத்தது. பெருமான் நந்தியை விலகுமாறு பணித்தருளினார். இன்றும் அத்தலத்தில் நந்தி நேர்கோட்டிலிருந்து ஒதுங்கியிருக்கக் காணலாம். நந்தியெம்பெருமான் தம் காவலை விட்டு எழுந்து போய்விடவில்லை. தம் இடத்திலேயே இருந்துகொண்டு, காண்பார்க்கு வழி விடும் அளவே ஒதுங்கினார். காவலும் கெடவில்லை, காட்சியும் கிடைத்தது. பணிக்களத்தில் சமய உணர்வை மதித்தல் என்பது இவ்வளவே. தொழிலைக் கைவிட வேண்டுவதில்லை. வழி விடும் அளவு ஒதுங்கினால் போதும்.

வேலூர்க் கோட்டை தந்த பாடம்

ஒதுங்க மறுத்தால் என்னாகும் என்பதற்கு நம் நாட்டு வரலாற்றிலேயே ஒரு பெரிய சான்று உண்டு. அது சென்னைக் கோட்டையில் எழுதப்பட்ட ஓர் ஆணையில் தொடங்கி, வேலூர்க் கோட்டையில் குருதியில் முடிந்தது.

கிழக்கிந்தியக் கும்பினியின் சென்னைப் படையில் நம் நாட்டுச் சிப்பாய்கள் பல தலைமுறைகளாகப் பணியாற்றி வந்தனர். இந்துக்கள் நெற்றியில் தத்தம் சமயக் குறியையும் காதில் கடுக்கனையும் அணிந்தவாறே அணிவகுத்தனர். இசுலாமியர் தாடியுடன் நின்றனர். அதனால் அவர்கள் போர்த்திறம் குன்றியது என்று எவரும் கூறியதில்லை. சென்னைப் படையின் தலைமைத் தளபதியாகச் சர் ஜான் கிரடாக் இருந்த காலத்தில், 1805-ஆம் ஆண்டின் இறுதியில் உடை பற்றிய புதிய விதிகள் வகுக்கப்பட்டன. சீருடை அணிந்திருக்கும்போது நெற்றியில் குறி கூடாது, காதணி கூடாது, அணிவகுப்பின்போது மோவாய் மழிக்கப்பட்டிருக்க வேண்டும், மீசை ஒரே அளவாக இருத்தல் வேண்டும் என்பன அவ்விதிகள். இவற்றோடு, ஐரோப்பியர் தொப்பியை ஒத்த, தோலாலான அணியுடன் கூடிய புதுத் தலைப்பாகையும் புகுத்தப்பட்டது. ஒருவர் விடாமல் எல்லாச் சமயத்தார் மனமும் புண்ணாகும் வகையில் ஆணை அமைந்துவிட்டது.

1806-ஆம் ஆண்டு மே மாதத்தில் வேலூர்ச் சிப்பாய்கள் புதுத் தலைப்பாகையை அணிய மறுத்தனர். இருபத்தொருவர் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டுப் படைமன்றத்தில் நிறுத்தப்பட்டனர். ஓர் இந்துவுக்கும் ஓர் இசுலாமியருக்கும் தலைக்குத் தொள்ளாயிரம் கசையடியும் பணிநீக்கமும் விதிக்கப்பட்டன. ஏனைப் பத்தொன்பதின்மருக்கு விதித்த ஐந்நூறு அடி, அவர்கள் மன்னிப்பு வேண்டியபின் தள்ளப்பட்டது. அத்துடன் அடங்கிவிட்டது என்று மேலோர் எண்ணினர். ஆளுநர் வில்லியம் பெண்டிங்கின் அரசும் ஆணையைத் திரும்பப் பெறவில்லை.

ஜூலை 10-ஆம் நாள் விடியுமுன் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தனர். ஆங்கிலேயப் படைஞர் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையுடன் விரைந்து வந்த கில்லெஸ்பி அன்று பகலுக்குள் கோட்டையை மீட்டார். சிப்பாய்கள் முந்நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன் பின்னரே அந்த உடை விதிகள் கைவிடப்பட்டன. கிரடாக், பெண்டிங்கு ஆகிய இருவரும் 1807-ஆம் ஆண்டில் இங்கிலாந்துக்குத் திருப்பியழைக்கப்பட்டனர்.

இக்கிளர்ச்சிக்கு வேறு காரணங்களும் உண்டு என்பதை மறுக்கலாகாது. திப்பு சுல்தானின் மக்கள் அக்கோட்டையிலேயே காவலில் வைக்கப்பட்டிருந்தனர். ஊதியம் பற்றிய மனக்குறையும் இருந்தது. எனினும் உலர்ந்து கிடந்த விறகில் தீ வைத்தது நெற்றிக் குறியைத் தொட்ட ஆணையே. அக்குறியை அழித்ததனால் படைக்கு விளைந்த நன்மை யாது? துப்பாக்கி ஒன்றேனும் நேராகச் சுட்டதா? ஒன்றுமில்லை. அணிவகுப்பு ஒரே சீராகக் காட்சி தர வேண்டும் என்னும் ஆசைக்காக ஐந்நூறு உயிர்கள் வரை பலியாயின. விதி வகுத்தவர்க்கு அது வெறும் அழகுப் பொருள். அணிந்தவர்க்கு அது தம் தந்தையும் பாட்டனும் அணிந்த பொருள். ஒருவர்க்குச் சிறிதாகத் தோன்றுவது மற்றொருவர்க்கு எத்துணைப் பெரிது என்பதைக் கேட்டறியாமையே பிழையின் வேர்.

அக்கோட்டையினுள்ளேதான் சலகண்டேசுவரர் திருக்கோயில் இருக்கின்றது. போர்களால் வழிபாடு நின்று, மூலவர் இன்றி நெடுங்காலம் கிடந்த அக்கோயிலில் 1981-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில்தான் சிவலிங்கத் திருமேனி மீண்டும் எழுந்தருளுவிக்கப்பட்டது. இன்று அங்கே சென்று நீறு பூசி வணங்குவோர், அந்நீற்றுக்காக அதே மதில்களினுள் மடிந்தவரையும் ஒரு கணம் நினைத்தல் தகும்.

கோடம்பாக்கம் காட்டிய வழி

இனி, வழி விட்டதனால் தொழில் கெடவில்லை என்பதற்கும் சான்று காண்போம். அதற்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை.

காரைக்குடியில் இருந்த ஏவி.எம். படக்கூடம் 1948-ஆம் ஆண்டில் கோடம்பாக்கத்திற்கு வந்தது. நாகிரெட்டியாரின் விஜயா-வாகினி வடபழனியில் பெருகி வளர்ந்தது. இன்று அவ்வளாகத்தில் மருத்துவமனையும் வணிகக் கூடமும் நிற்கின்றன. தச்சர், கொல்லர், ஒப்பனையாளர், விளக்குப் பிடிப்பவர், இசைக் கருவியாளர் எனப் பல ஊரும் பல மொழியும் பல சமயமும் சார்ந்தோர் ஒரே கூரையின் கீழ் உழைத்த தொழில் அது. படத்தின் முதல் நாளில் பூசையிட்டு ஒளிப்படக் கருவிக்குக் கற்பூரம் காட்டுவதும், இறுதி நாளில் பூசணிக்காய் உடைப்பதும் அத்தொழிலின் வழக்கம். அவ்வழக்கத்தினிடையே இசுலாமியரும் கிறித்தவரும் பகுத்தறிவுக் கொள்கையினரும் தத்தம் நிலையில் நின்று பணி செய்தனர்.

இத்தொழிலில் தம் நோன்பைக் கைவிடாமல் வாழ்ந்து காட்டியவர் கே.பி. சுந்தராம்பாள் அம்மையார். கணவர் கிட்டப்பா 1933-ஆம் ஆண்டில் மறைந்தபின் அம்மையார் வெள்ளாடை பூண்டார். நெற்றியில் நீறு துலங்க முருகன் அடியாராக வாழ்ந்தார். எந்த ஆடவருடனும் இணையாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். நடிப்பையே தொழிலாகக் கொண்ட இளம்பெண் ஒருவர் இவ்வுறுதி பூணுதல் தொழிலை இழத்தற்கு ஒப்பாகும் என்றே எவரும் எண்ணுவர். நடந்தது வேறு. 1935-ஆம் ஆண்டில் வெளியான பக்த நந்தனார் படத்தில் அம்மையார் நந்தனாராகவே வேடம் பூண்டார். சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர் வேதியராக நடித்தார். 1953-இல் ஜெமினியின் ஔவையார், 1964-இல் பூம்புகார், 1965-இல் திருவிளையாடல் என அவருக்கேற்ற வேடங்களைத் தொழிலே தேடிக் கொணர்ந்தது. நோன்பு தொழிலைக் கெடுக்கவில்லை. தொழில் நோன்பைக் கெடுக்கவில்லை.

அவற்றுள் பூம்புகாரைச் சிறிது எண்ணிப் பாருங்கள். அப்படத்திற்குத் திரைக்கதை எழுதியவர் இறைமறுப்புக் கொள்கையில் உறுதியுடைய மு. கருணாநிதி. கவுந்தியடிகள் என்னும் சமணத் துறவியாக நடித்தவர் முருகனடியாராகிய சுந்தராம்பாள். இருவர் கொள்கையும் இரு துருவம். எனினும் ஒருவரையொருவர் மாற்ற முற்படாமல், எடுத்த பணியை இருவரும் செவ்வனே முடித்தனர். பிறப்பால் கிறித்தவராகிய கே.ஜே. யேசுதாசின் குரலில் அமைந்த அரிவராசனம் சபரிமலையில் நடை சாத்தும்போது ஒலிக்கின்றது. இசுலாம் நெறியில் நிற்கும் ஏ.ஆர். ரகுமானின் இசைக்கூடம் இக்கோடம்பாக்கத்திலேதான் அமைந்தது. பிறர் நெறியை மதித்தவர்க்குத் தம் நெறி குறைந்துவிடவில்லை என்பதற்கு இவை போதும்.

சட்டம் சொல்வது

1950-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த நம் அரசியற் சட்டத்தின் 25-ஆம் விதி, மனச்சான்றின் உரிமையையும், சமயத்தை வெளிப்படக் கூறவும் ஒழுகவும் பரப்பவும் உள்ள உரிமையையும் எல்லார்க்கும் வழங்குகின்றது. பொது அமைதி, ஒழுக்கம், உடல்நலம் ஆகிய வரம்புகளுக்கு அது உட்பட்டது. 16-ஆம் விதி, சமயத்தைக் காட்டி அரசுப் பணியை மறுத்தலைத் தடுக்கின்றது. நந்தனாரைப் புறத்தே நிறுத்திய தீண்டாமையை 17-ஆம் விதி ஒழிக்கின்றது. ஆதலின் சாதி பார்த்துத் தண்ணீர்க் குவளையை வேறாக்குவோர், அது எங்கள் சமய வழக்கம் என்று சொல்லித் தப்ப இயலாது. அது சமயமும் அன்று, சட்டமும் அன்று.

விடுமுறை பற்றியும் வழி வகுக்கப்பட்டுள்ளது. தமிழ்நாட்டுத் தொழில் நிறுவனங்களுக்கான 1958-ஆம் ஆண்டுச் சட்டம், தேசிய விடுமுறைகளோடு ஐந்து பண்டிகை விடுமுறைகளையும் தொழிலாளர்க்கு அளிக்கின்றது. நடுவணரசு அலுவலர்கள், வகுத்தளிக்கப்பட்ட பட்டியலிலிருந்து தாம் விரும்பும் இரண்டு நாள்களைத் தெரிந்துகொண்டு விடுப்பு எடுக்கலாம். யாவர்க்கும் ஒரே நாளை விதிக்காமல், அவரவர் திருநாளை அவரவரே தெரிந்துகொள்ளச் செய்தது இம்முறையின் சிறப்பு.

நமக்கு அருமையான தைப்பூசத்தின் வரலாறு இதனை நன்கு விளக்கும். தமிழ்நாட்டில் தைப்பூசம் அரசு விடுமுறையானது 2021-ஆம் ஆண்டில்தான். அதற்குமுன் காவடி எடுத்த பணியாளர் பலர் மேலதிகாரியின் இசைவைப் பெற்றே எடுத்தனர். மலேசியாவில் பத்துமலை அமைந்த சிலாங்கூரில் அது விடுமுறை நாள். தலைநகர் கோலாலம்பூருக்கு 2008-ஆம் ஆண்டில் அவ்விடுமுறை கிடைத்தது. சிங்கப்பூரிலோ முன்னர் இருந்த தைப்பூச விடுமுறை, 1968-ஆம் ஆண்டில் விடுமுறை நாள்களைக் குறைத்தபோது நீக்கப்பட்டது. அங்குள்ள அடியார்கள் அன்றுமுதல் சொந்த விடுப்பு எடுத்தே வேல் வழிபாடு செய்கின்றனர். பிற சமயத்தார் மிகுதியாக வாழும் நாட்டில் நம்மவர் ஒரு நாளுக்காகக் கைகட்டி நிற்பதை எண்ணினால், இங்கே நம்மிடம் கைகட்டி நிற்போர் மீது இரக்கம் தானே பிறக்கும்.

தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரப் பள்ளி ஒன்றில் தமிழ் மரபுப் பெண் ஒருத்தி மூக்குத்தி அணிந்து வந்ததைப் பள்ளி விதி தடுத்தது. 2007-ஆம் ஆண்டில் அந்நாட்டின் அரசியற்சட்ட நீதிமன்றம் அப்பெண்ணின் சார்பில் தீர்ப்பளித்தது. மூக்குத்தி அணிவது கட்டாயமான சமயக் கடமை அன்று, விருப்பத்தின்பாற்பட்டதே எனினும், அவளுடைய வழிவழிப் பண்பாட்டின் பகுதி என்பதால் அதற்குக் காப்பு உண்டு என்பது தீர்ப்பின் சாரம். வேலூர் ஆணை பிறந்து இருநூறாண்டு கழித்து, சீருடையை விட மனிதர் பெரியர் என்று ஒரு நீதிமன்றம் கண்டது.

எல்லை யாது?

அங்ஙனமாயின் சமயத்தின் பெயரால் எதைக் கேட்டாலும் கொடுத்தாக வேண்டுமோ எனின், அன்று. நந்தி விலகினார், காவலை விடவில்லை என்பதை மறத்தலாகாது.

ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2013-ஆம் ஆண்டு ஜனவரியில் ஒரே நாளில் தீர்த்த இரண்டு வழக்குகள் இவ்வெல்லையைத் தெளிவாகக் காட்டும். ஒருவர் விமான நிறுவனத்தில் பயணிகளை வரவேற்கும் பணியாளர். மற்றொருவர் மருத்துவமனைச் செவிலியர். இருவரும் கழுத்தில் சிலுவை அணிய விரும்பினர். முதல்வர் வழக்கில் சிறு சிலுவையால் எவர்க்கும் கேடில்லை. நிறுவனத்தின் தோற்றப் பொலிவு ஒன்றே எதிர்ப்பக்கம் இருந்தது. ஆதலின் அவர் வென்றார். இரண்டாமவர் வழக்கில், தொங்கும் சங்கிலியை நோயாளி பற்றி இழுக்கலாம், அது புண்ணில் படலாம் என்னும் அச்சம் இருந்தது. ஆதலின் அவர் தோற்றார். பொருள் ஒன்றே, இடம் வேறானதால் முடிவும் வேறாயிற்று.

நமக்கும் இதுவே அளவுகோல். லேத்துப் பட்டறையில் உருத்திராக்க மாலை வெளியே தொங்குமானால் சுழலும் இயந்திரம் அதைப் பற்றி ஆளையே இழுத்துவிடும். அதைச் சட்டைக்குள் அடக்குக என்று மேற்பார்வையாளர் சொன்னால் அது சமய இகழ்ச்சி ஆகாது. அறுவைக்கூடத்தில் மணிக்கட்டுக் கயிற்றை அவிழ்க்கச் சொல்வது நோயாளியின் உயிர் கருதி. விரதத்தின் பொருட்டு வெறுங்காலுடன் உலைக்களத்தில் நிற்க இசைவு தராதவர் நம் பகைவர் அல்லர். ஆயின் வரவேற்பு மேசையில் அமர்பவர் நெற்றி நீற்றை அழித்துவிட்டு வர வேண்டும் என்று ஒரு நிறுவனம் சொன்னால், எவருடைய உயிரைக் காக்க என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

செலவு பற்றியும் ஒரு வரம்பு உண்டு. ஞாயிறன்று பணி செய்ய இசையாத அமெரிக்க அஞ்சல் ஊழியர் ஒருவரின் வழக்கில், 2023-ஆம் ஆண்டு அந்நாட்டு உச்ச நீதிமன்றம், அற்பச் செலவைக் காட்டி வேண்டுகோளை மறுத்தலாகாது, தொழிலுக்குக் கணிசமான சுமை உண்டாகும் என்று காட்டினாலே மறுக்கலாம் என்று தீர்த்தது. உடன் பணிபுரிவோர்க்கு அச்சமயம் பிடிக்கவில்லை என்பது சுமையாகக் கருதப்படாது என்பதும் அத்தீர்ப்பில் அடங்கும்.

இரு சாராரின் கடமை

தலைமையில் இருப்போர் கடமையை முதலில் கூறுவோம். ஏனெனில் கொடுக்கும் கை அவர்களுடையது. தம் சமயத்தார்க்கு ஓர் அளவும் பிற சமயத்தார்க்கு ஓர் அளவும் வைத்தலாகாது. கந்த சஷ்டிக்கு ஆறு நாள் விரதம் காக்கும் அடியார்க்குக் கடின வேலையைக் குறைத்தால், நோன்பு மாதத்தில் பகல் முழுவதும் நீரும் அருந்தாத இசுலாமியத் தோழருக்கும் குறைத்தல் வேண்டும். பொங்கலன்று அவர் நம் ஷிப்டை ஏற்கட்டும். பெருநாளன்று நாம் அவருடையதை ஏற்போம். பல மருத்துவமனைகளிலும் பணிமனைகளிலும் ஊழியர் தமக்குள்ளேயே நடத்தி வரும் ஏற்பாடு இது. எழுதப்பட்ட எவ்விதியையும் விட இனிமையானது.

ஆயுத பூசையன்று நம் கடைகளில் எல்லாரையும் அழைத்துத் திருநீறு வழங்குகின்றோம். ஒருவர் மரியாதையாக நின்றும் நீற்றைப் பெற்றுக்கொள்ளவில்லை எனின், அதைக் குற்றமாகக் கொள்ளலாகாது. கேரளத்தில் தேசிய கீதத்தின்போது எழுந்து நின்றும், தம் சமயக் கொள்கையால் உடன் பாடாத மூன்று பள்ளிக் குழந்தைகள் 1985-ஆம் ஆண்டில் நீக்கப்பட்டனர். மறு ஆண்டில் நம் உச்ச நீதிமன்றம், மரியாதையாக நின்றதே போதும் என்று அவர்களைத் திரும்பச் சேர்க்கப் பணித்தது. நாட்டின் கீதத்திற்கே அந்த இடம் உண்டெனில் நம் கடைப் பூசைக்கு இல்லையா? அங்ஙனமே, திருவிழாவுக்கென்று கீழ்ப் பணியாளர் கூலியிலிருந்து நன்கொடை பிடிப்பதும், பிற சமயத்தார் நெற்றியையோ உணவையோ கேலி பேசுவதும் சிவனடியார்க்குச் சிறிதும் அடாத செயல்கள். மனமுவந்து தராத பொருள் பெருமானின் திருவடியைச் சென்றடையாது.

பணியாளராகிய அடியார்க்கும் கடமை உண்டு. விடுப்பு வேண்டின் பலநாள் முன்னரே கேட்டுப் பெறுக. விரதத்தைக் காட்டி வேலையைத் தட்டிக் கழித்தலாகாது. தம் வழிபாட்டின் சுமையைத் தோழர் தலையில் ஏற்றிவிட்டுச் செல்வது வழிபாடாகாது. நெற்றியில் நீறணிந்தவர் கணக்கில் பிழை செய்தால், பழி அவரோடு நில்லாமல் நீற்றையும் சாரும். அரசன் குதிரை வாங்கத் தந்த பொருளைத் திருப்பெருந்துறைத் திருப்பணிக்குச் செலவிட்ட மணிவாசகர் வரலாற்றைக் காட்டி அலுவலகப் பொருளில் கை வைப்போர் இருப்பரேல், அவர்கள் அப்பெருமான் அதன்பின் பட்ட துன்பத்தை மறந்தவர்கள். அவர் பக்குவம் வேறு. நம் நிலை வேறு.

பிட்டுக்கு விழுந்த அடி

அம்மணிவாசகர் வரலாற்றோடு தொடர்ந்ததே பிட்டுக்கு மண் சுமந்த திருவிளையாடல். வையையில் வெள்ளம் பெருக, கரையடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும் என்று ஆணை பிறந்தது. பிட்டு விற்றுப் பிழைத்த வந்தியென்னும் கிழவிக்கு ஆளில்லை. சொக்கநாதப் பெருமானே கூலியாளாக வந்து, பிட்டையே கூலியாகக் கொண்டு மண் சுமந்தார். அவர் பங்கு அடைபடாதது கண்டு பாண்டியன் பிரம்பால் அடித்தான். அவ்வடி அரசன் முதுகிலும், அமைச்சர் முதுகிலும், உலகத்து உயிர்கள் அனைத்தின் முதுகிலும் விழுந்தது.

இத்திருவிளையாடலைக் கேட்டுக் கூலியாள் வேலையைத் தவறவிடலாம் என்று எவரும் கொள்ளார். மேலாள் கொள்ள வேண்டிய பொருளே இதில் மிகுதி. தன் எதிரே அழுக்குத் துணியுடன் கூடை சுமந்து நிற்பவன் யாவன் என்பதைப் பாண்டியன் அறியவில்லை. வேலை அடைபட்டதா என்று பார்த்தான், ஆளைப் பார்க்கவில்லை. நம்மிடம் பணிபுரியும் ஒவ்வொருவர் உள்ளத்திலும் அவரவர் வணங்கும் வடிவில், அல்லது வடிவமே வேண்டாத நிலையில், அப்பெருமான் எழுந்தருளியிருக்கின்றார் என்பது சைவ சித்தாந்தத்தின் துணிவு. உயிர்க்குயிராய் நிற்பவன் இறைவன் என்று நாவால் சொல்லிவிட்டு, அவ்வுயிரின் நெஞ்சு எதைப் போற்றுகின்றது என்று கேளாமல் ஆணையிடுதல் எங்ஙனம் பொருந்தும்?

ஆகவே, அன்பர்களே! திருவிழாக் கண்டு வீடு திரும்பி, நாளை விடிந்ததும் நாம் நம் கடைக்கும் அலுவலகத்திற்கும் மருத்துவமனைக்கும் செல்வோம். நீற்றை நெற்றியில் நிறைய அணிந்து செல்வோம். அதற்கேற்ற நேர்மையுடன் பணி செய்வோம். எவரேனும் நம்மிடம் வந்து, ஐயா, என் திருநாளுக்கு ஒரு நாள் வேண்டும் என்று கேட்பாராயின், நாற்பது வேலியை நினையாமல் திருப்புன்கூர் நந்தியை நினைப்போம். வழி விடும் அளவு ஒதுங்குவோம். தில்லைக் கூத்தன் திருவருள் எல்லா நெறியினர்க்கும் துணை நிற்பதாகுக.

திருச்சிற்றம்பலம்.